காதோரம்

எலிகளுக்கு அது காதில்தான் தொடங்கும். மடலின் ஓரம் லேசாகச் சிவக்கும். பிறகு மயிர் உதிரும், செதில் கிளம்பும். கழுத்துக்கும் வாலுக்கும் இறங்கிவிட்டால் பாவம், உமிமேல் படுக்கக்கூட முடியாமல் கூண்டின் மூலையிலேயே குந்தியிருக்கும்.

தக்கலைப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் இந்த எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இவற்றுக்கு வெளிக் கிருமி எதுவும் வேண்டாம். பரம்பரையாக வந்த கோளாறில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குகிறது என்று பேராசிரியர் சொன்னார். புதுமருந்தை இவற்றிடம்தான் சோதிக்கிறார்கள். புண் வராத குட்டி யாருக்கும் வேண்டாம், கழித்துவிடுவார்கள். நோய்க்கு இத்தனை மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் மனைவிக்கும் இந்த வகை நோய்தான். அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவள் இவள் கையைப் பார்த்துவிட்டு இலையை விட்டு எழுந்து போனாள். அந்தப் பொம்பளைமேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. இவள் அதோடு பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், ப்ளஸ் டூ படிக்கிறாள். பகலெல்லாம் எலிகளின் காதைப் புரட்டிப் பார்க்கிற கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? அவள் தலை துவட்டும்போது, சோறு போடக் குனியும்போது, முடியை ஒதுக்கிவிடுகிற சாக்கில் மடலைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

"என்னப்பா, எப்பம் பாத்தாலும் காதையே பாக்குதீங்க? நான் என்ன உங்க எலியா?" என்று ஒருநாள் கையைத் தட்டிவிட்டாள்.

"அழுக்கு இருந்துச்சு மக்கா."

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அவள சும்மா விடுங்க" என்றாள். அவள் ஒருதடவைகூட மகளின் காதைப் பார்த்ததில்லை. பார்த்தால் வந்துவிடுமோ என்று பயம். அதன்பிறகு நானும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். மனைவி உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். முடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காதுமடலை மடக்கிக் காட்டினாள்.

பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். மடலின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது.

"அம்மாட்ட இப்பம் சொல்லாண்டாம்ப்பா" என்றாள்.