ஒரு சிதைக்கு மூன்று விலை

1. முதல் நாள்

பஞ்சாயத்து போர்டில் கிளார்க்காக நான் சேர்ந்த அன்று காலையிலிருந்தே சாரல். மேற்கு மலை தெரியவில்லை. நாற்காலி சூடாகுமுன் பிரசிடெண்ட் கூப்பிட்டார்.

"வண்டிப்பேட்டையில ஒரு வண்டிக்காரன் காய்ச்சல்ல செத்துக் கெடக்கான். எரிக்கணும். மேலத்துறைச் சுடுகாட்டு மாயன் அஞ்சு ரூபாங்குறான். கீழத்துறை விருமாண்டி ஒன்னரைங்குறானாம். எவனோ கொள்ளையடிக்கிறான். போயி விசாரிச்சு, சரியான ரேட்டு எதுன்னு சொல்லும்."

சாவுக்குக் கூடவா ரேட் உண்டு என்று நினைத்தபடி நடந்தேன். நனைந்தும் நனையாமலும் இருந்தது சட்டை. மனசும் அப்படித்தான்.

பேட்டையில் குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கி வந்த வண்டி நின்றது. இறந்தவரின் மனைவி வெள்ளையம்மாள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை உடல் தாங்காது. உடன் வந்த இன்னொரு வண்டிக்காரர் கொள்ளி வைக்கச் சம்மதித்திருந்தார்.

"எங்கிட்ட மூணு ரூபா இருக்குய்யா," என்றார் வெள்ளையம்மாள். "விடிஞ்சா எலும்பு என் கையில இருக்கணும். ரெண்டு மகன்மாரு அங்கன இருக்காக. அப்பன் மொகத்தத்தான் பாக்கல. எலும்பையாச்சும் அவுக ஆத்துல விடட்டும்."

2. ஒன்றரை எப்படி ஆறானது

விருமாண்டியைத் தேடிப் போனேன். ஆம், ஒன்றரைதான் என்றார். வேலைக்கு வந்த முதல் நாளே சிக்கலைத் தீர்த்துவிட்ட பெருமையில் அவரைப் பேட்டைக்கு அழைத்து வந்தேன்.

"எந்த ஊருக்காரரு?"

சொன்னேன். தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"அப்ப ஆறு ரூபா, ரைட்டரய்யா."

"இப்பத்தானே ஒன்றரை என்றீர்?"

"அது உள்ளூருக்கு. அவுக வருசாவருசம் களத்துல எனக்கு நெல்லு அளந்துட்டுத்தான் வீட்டுக்கு மூட்டை தூக்குறாக. வராட்டி, வைக்கோலு, மண்ணு எல்லாம் செத்த வீட்டுலயிருந்தே வந்துரும். நான் அடுக்கிப் பூசித் தீ பாத்துக்கிருவேன். இந்த மகராசன் எனக்கு என்னத்த அளந்தாரு?"

ஆண்டுதோறும் நெல்லாகக் கொடுத்தது போக மிச்சம்தான் ஒன்றரை. மலிவென்று நான் நினைத்தது மலிவே இல்லை. கொள்ளையென்று பிரசிடெண்ட் சொன்னதும் கொள்ளை இல்லை. அப்படியானால் மாயனின் ஐந்து? அவரையும் வரவழைத்தேன்.

"அஞ்சு ரூபாயில வராட்டி, வைக்கோலு எல்லாம் என் பொறுப்புங்க. எங்க துறையில களிமண்ணு கிட்டக்கவே கெடக்கு. அவன் துறையில வெறும் மணலு, மண்ணு வண்டியிலதான் வரணும். அதான் அவன் ஒரு ரூவா கூடச் சொல்றான்," என்றார் மாயன்.

"எம் மணலு உன் மூஞ்சிய விடப் பரவாயில்லடா," என்றார் விருமாண்டி.

மூன்றுக்கு முடியாதா என்று கேட்டேன்.

"வெறும் வெறகுல வச்சா முடியும்," என்றார் மாயன். " ஆனா இந்தச் சாரல்ல பாதியில அணைஞ்சுரும். வராட்டி அடுக்கி, வைக்கோலு போத்தி, மேல மண்ணு பூசி மூட்டம் போட்டாத்தான் உள்ளுக்குள்ளயே வெந்து, விடிய எலும்பு வெள்ளையா நிக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. இறந்தவர் ஒருவர். ஆனால் மழைக்கு ஒரு விலை, மண்ணுக்கு ஒரு விலை, பிறந்த ஊருக்கு ஒரு விலை. இவற்றில் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது?

வெள்ளையம்மாள் எழுந்து மாயனிடம் கேட்டார்.

"மூணுக்கு மேல அந்த ரெண்டு ரூவா எதுக்குய்யா?"

"வராட்டி, வைக்கோலு எடுத்தார வண்டி வாடகை, ஆள்கூலி, ஆத்தா."

"வண்டி இந்தா நிக்குது. நானே ஓட்டுறேன்."

மாயன் பதறினார். "பொம்பளையாளு சுடுகாட்டுக்கு வரப்படாது, ஆத்தா!"

"நான் எங்க சுடுகாட்டுக்கு வாரேன்? வராட்டிக்கு வண்டியில்ல ஓட்டுறேன்."

விருமாண்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சாவு நடந்த இடம் என்பது நினைவு வர, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏலே மாயா, இதுக்குப் பதில் சொல்லு பாப்போம்."

மாயன் வைக்கோல் கிடைக்கும் இடத்தைச் சொன்னார்.

மாடுகள் வேற்றுக் குரலுக்கு நகரவில்லை. மேலத்துறை எல்லையில் மாயனே கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவை அசையவில்லை. ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளையம்மாளே உள்ளே கடைசிவரை ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வந்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

"எவன்யா கொள்ளைக்காரன்?" என்றார் பிரசிடெண்ட், நான் ஆபீசுக்குத் திரும்பியதும்.

"ஒருத்தரும் இல்லைங்க."

"அப்ப எதுதான் சரியான ரேட்டு?"

ஒன்றரை, ஐந்து, ஆறு மூன்றுமே என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

3. விடிந்தபின்

மூட்டத்தின் மண் வெடித்து ஆறியிருந்தது. மாயன் பால் தெளித்து, தலைமாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதுக் கலயத்தில் இட்டு, எல்லைவரை கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளையம்மாள் ஏந்திக்கொண்டு கனம் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா அவுக?"

எந்தத் தொகைக்கும் காரணம் சொல்லத் தெரிந்த மாயன், விருமாண்டி, நான் மூவரும் நின்றோம். கலயத்தை மடியில் இருத்திக்கொண்டு அவர் மாட்டை அதட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எடுத்தவுடன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். விடிந்தால் கையில் என்ன இருக்க வேண்டும் என்று செத்த வீட்டாரைக் கேளுங்கள். அதற்கு யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று துறையில் கேளுங்கள். விலை அதற்குப் பிறகு தானாக வரும். அதன்பிறகும் எனக்குப் பல நாள் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் யாரையும் கொள்ளைக்காரர் என்று நான் எழுதி அனுப்பவில்லை.