மரத்தைத் தட்டும் சம்பந்தியம்மா

பட்டுப்போன மரம் ஒன்று கண்ணில் பட்டால் சம்பந்தியம்மா முதலில் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். பொந்து இருக்கிறதா, பட்டை உரிந்திருக்கிறதா, அடியில் சிராய் கொட்டிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். சிராயைக் கையில் எடுத்து முகர்ந்து, "ம்ஹூம், பழசு" என்று உதறிவிடுவார். பிறகு தோள்பையிலிருந்து ஒரு கட்டையை எடுப்பார். துணிக்கடையில் துணி சுற்றி வருமே, அந்தக் கட்டையில் அறுத்த துண்டு. காதை மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டே தட்டு. டக்-டக். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். நானும் பொத்திக்கொள்ள வேண்டும். என் மூச்சுச் சத்தம் கேட்டால்கூட முறைப்பார்.

மூன்று ஜீப்புக்குச் சொந்தக்காரன் நான். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு சரி. பாரம் ஏற்றுகிறவனாகத் தொடங்கி, இன்றைக்கு என் ஜீப் வளைவில் ஹாரன் அடித்தால் எதிரே வருகிற லாரி ஒதுங்கி நிற்கும். அப்படிப்பட்ட என்னை "வாயை மூடுங்க" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், என் மகனுக்குப் பெண் கொடுத்த இந்த அம்மாள்தான்.

அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தையல் அறையில் வேலை. சன்னல் ஒன்று, மிஷின் நாலு, கூரை முட்ட வெள்ளைத் துணி. படுக்கை விரிப்பும் ஆபரேஷன் அங்கியும் தைத்துத் தைத்து வலது கட்டைவிரல் நுனி தட்டையாகிவிட்டது. பேசும்போது வாயில் ஊசி இருக்கிற நினைப்பிலேயே உதட்டை முக்கால்வாசி மூடிக்கொண்டு பேசுவார். நிறம் எதையும் நூலை வைத்துத்தான் சொல்வார். "உங்க புது ஜீப் காஜா நூல் சிவப்பு, கொஞ்சம் வெளுத்த மாதிரி" என்று அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த ஜீப் வெளுத்தமாதிரியே தெரிகிறது.

பயந்த சுபாவம். சாதாரணப் பயமில்லை. லிப்டில் ஏறமாட்டார், நின்றுபோகுமாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். வெளியில் நின்று யார், என்ன உறவு என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தாலும், "இருமிக் காட்டுங்க" என்பார். நான் இருமினால்தான் தாழ்ப்பாள் விலகும். அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதி வழியில் திரும்பிப்போன கதையை என் மருமகள் வாயால் கேட்டால் வயிறு வலிக்கும். இந்த அம்மாள்தான் லீவு கிடைத்தால் மலைக்காட்டுக்குள் நுழைகிறார். கேட்டால், "பயமாத்தான் இருக்கு. அதுக்காக அது வீடு தேடியா வரும்?" என்பார்.

அது என்பது ஒரு மரங்கொத்தி. மற்ற மரங்கொத்தி கடகடவென்று உருட்டிக் கொட்டும். இந்த ஜாதி இரண்டே தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதே மாதிரி நாம் தட்டினால் சமயத்தில் பதில் தட்டும், பார்க்கவும் வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூட்டமாகச் சுற்றுலா வந்தபோது இவர் மட்டும் ஒரு தடவை அதைப் பார்த்திருக்கிறார். ஓடிவந்து சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து தையல் அறையில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டால், "அக்காவோட குருவி கொத்திட்டுப் போயிருக்கும்" என்பதுதான் பேச்சு. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். இவரும் சிரித்துவைப்பார். "நான் பொய் சொன்னவளாவே ரிட்டயர் ஆகப் போறேன் அண்ணா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இன்னொரு ஜோடிக் கண்ணு அதைப் பாத்துட்டாப் போதும்."

அந்த இன்னொரு ஜோடி நான். மருமகள் வந்து, "மாமா, எங்கம்மாவைத் தனியா விடாதீங்க. உங்களுக்குத் தெரியாத காடா?" என்றாள். தெரியாத காடு ஏது எனக்கு! என் வீட்டுக்காரிதான் வாசலில் நின்று, "சம்பந்தியும் சம்பந்தியும் காட்டுல மரம் தட்டப் போறாங்களாம். நல்லா இருக்கு குடும்பம்" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி வழியனுப்பினாள்.

போன மாதம் அப்படிப் போனபோதுதான் பதில் வந்தது.

ஜீப்பை விட்டுவிட்டு ஓடையோரமாக ஏறியிருந்தோம். பனி மரங்களுக்கு நடுவில் நின்றது. சம்பந்தியம்மா தட்டினார். நாங்கள் வாயைப் பொத்தினோம். மேலே சரிவில் எங்கேயோ, டக்-டக்.

அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "கேட்டுச்சா? உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா, கேட்டுச்சு."

மறுபடி தட்டினார். மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில். அவர் தட்ட, அது தட்ட, ஒற்றையடிப்பாதை ஓரத்தில் நின்ற பெரிய பட்டமரம் வரைக்கும் போய்விட்டோம். அங்கே அடுத்த பதில் கேட்டதும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மரத்தில் அலகு படுகிற சத்தமில்லை. கடைசியில் ஒரு சின்ன ரீங்காரம். இரும்பு. கோடாலியின் பின்பக்கம்.

மலை ரோட்டில் காலம் தள்ளியவனுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டாம். திருட்டு மரம் இறக்குகிறவர்கள் காவலுக்கு ஓர் ஆளை முன்னால் கீழே அனுப்புவார்கள். மேலே இருந்து தட்டிக் கேட்பார்கள். வழியில் ஆள் இல்லை, வரலாம் என்றால் அவன் இரண்டு தட்டுத் தட்டுவான். அந்தக் கூட்டம் இந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. அதனால் முதலில் என் புத்தியில் ஏறவில்லை. அவர்களைக் காட்டில் பார்த்துவிட்டவர்கள், பார்த்தேன் என்று வந்து சொன்னதில்லை. ஒரு வனக்காவலரைப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் கயிறு என் ஜீப்பில் கட்டியது.

"அம்மா, அது குருவி இல்ல" என்று காதோடு சொன்னேன். "வாங்க வாங்கன்னு நாமளே கூப்பிட்டு இருக்கோம்."

ஓட நேரமில்லை. பட்டமரத்துக்குக் கீழே, வேரோடு சாய்ந்த ஓர் அடிமரம் கிடந்தது. அதன் பின்னால் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மாவின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, பனிக்காகப் போட்டிருந்த துணித் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டார். நான் தைரியசாலி, பல பேர் சொல்லுவார்கள். அன்றைக்கு அந்த அம்மாளுக்குப் பின்னால்தான் ஒண்டிக்கொண்டேன்.

வந்தார்கள். முதலில் ஒருவன் கோடாலியோடு. பின்னால் நாலு பேர், கயிற்றில் தொங்கும் பெரிய கட்டையோடு. கடைசியில் தோளில் துப்பாக்கியோடு ஒருவன். எங்களுக்கு மேலே பாதையில் நின்றார்கள். இலைகளுக்கு நடுவில் அவர்கள் கால்நகம்கூடத் தெரிந்தது. கோடாலிக்காரன் ஒரு மரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதைத் தீட்டினான்.

பதில் இல்லை.

"என்னடா இது, இவ்வளவு நேரம் தட்டினான்."

"எனக்கு என்னமோ சரியாப் படல. சரக்கை இறக்குங்க. சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு வரேன்" என்றான் துப்பாக்கிக்காரன்.

முடிந்தது கதை என்று கண்ணை மூடினேன். பக்கத்தில் ஏதோ அசைந்தது. சம்பந்தியம்மா தான் தட்டுகிற கட்டையை வெளியே எடுத்து, அதன் நுனியில் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகிறார், நழுவுகிறது, மறுபடி சுற்றுகிறார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். அடிமரத்தில் இரண்டு தட்டு. துணி பட்ட அந்தச் சத்தம் மொத்தையாக, கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டியமாதிரி கேட்டது. பக்கத்தில் இருந்த எனக்கே அப்படித்தான் கேட்டது.

பாதையில் ஒருவன் சிரித்தான். "இருக்கான் இருக்கான். தூங்குமூஞ்சி."

கயிறு கிறீச்சிட்டது. கட்டை நகர்ந்தது. எங்களைத் தாண்டிக் கீழே இறங்கினார்கள். ஆள் மறைந்தும் கயிற்றின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. வழி சரிவு, பாரம் பெரியது, மெதுவாகத்தான் போனார்கள். நாங்கள் அசையவில்லை.

அப்போது எங்கள் தலைக்கு மேலே இறக்கைச் சத்தம். பட்டமரத்தில் ஒன்று வந்து அப்பிக்கொண்டது. காக்கையைவிடப் பெரிது. முதுகு நல்ல கறுப்பு, சம்பந்தியம்மா சொல்கிற கோட்டு நூல் கறுப்பு. வயிற்றில் வெள்ளை. கொண்டை அப்படி ஒரு சிவப்பு. தலையைச் சாய்த்து, யார் தட்டியது என்று எங்களையே பார்த்தது. நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், யார் கேட்டாலும் சொல்வேன். சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் அதன்மேல் இருந்தது, நிறைந்து வழிந்தது.

கீழே கயிறு இன்னும் கிறீச்சிட்டது. காவல்காரன் முன்னால் இருக்கிறான் என்று நம்பிப் போகிறவர்களுக்கு, முதுகுக்குப் பின்னால் இரண்டு தட்டுக் கேட்டால் என்ன ஆகும்?

பறவை பதில் சொல்லக் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது.

சம்பந்தியம்மா எழுந்தார். சத்தமில்லாமல், வாயைக்கூடத் திறக்காமல், தொப்பியைக் கட்டையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து அதன் முகத்துக்கு நேரே விசிறினார். ஒரு தடவை இல்லை. அது எழும்பிப் பனிக்குள் போய் மறைந்த பிறகும் விசிறிக்கொண்டே இருந்தார்.