சீதனக் காரின் இடப்பக்க அக்சில்

எனக்குச் சீதனமாய் வந்தது ஒரு பழைய கார். காணியில்லை, வீடில்லை. என்னைப் பெத்த அப்பு யாழ்ப்பாணத்தில ஹயருக்கு ஓடின கறுத்தக் கார்தான். சாவியை மாப்பிள்ளையின்ர கையில குடுத்திட்டு, என்னையும் என்ர தையல் மெசினையும் பின் சீற்றில ஏத்தி விட்டவர். ஆனையிறவு தாண்டி, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணியில வந்து இறங்கேக்க, மாமி என்ர முகத்தைப் பாக்கேல்லை. காரைத்தான் சுத்திச் சுத்திப் பாத்தவா.

"உந்தப் பழைய இரும்பை வைச்சு என்ன செய்யிறது?" எண்டு கேட்டவா. நான் அதை மறக்கேல்லை. மறக்கவும் மாட்டன்.

என்ர வீட்டுக்காரர் அந்தக் காரை ஹயருக்கு ஓட்டித்தான் வீட்டு அடுப்பு எரிஞ்சது. கலியாணம், ஆசுப்பத்திரி, பொங்கல், எல்லாத்துக்கும் அயலில அந்த ஒரு கார்தான். ஆனால் மூண்டு வருசமாய் மாமி அதில கால் வைக்கேல்லை. வெள்ளிக்கிழமையில கோயிலுக்கு வெயிலுக்குள்ள நடந்துதான் போவா. பிடிவாதம் எண்டால் அப்பிடி ஒரு பிடிவாதம்!

அந்த வருசக் காலபோக நெல்லை வெட்டி, குவிச்சுச் சூடு வைச்சாச்சு. சூடு மிதிச்சு நெல்லுப் பிரிக்க வாறன் எண்ட ட்ராக்டர்காரன் வரேல்லை. வானம் கறுத்துக்கொண்டு வருது. இவருக்கு அப்பதான் அந்த மூளை வந்தது. கதிரைக் களத்தில பரப்பிப்போட்டு, காரை ஏத்திச் சுத்தத் தொடங்கினார். ஏன் பொய் சொல்லுவான், எனக்கும் சந்தோசப் புழுகம்தான். என்ர கார் சுத்துது, சனம் "பொலி! பொலி!" எண்டு கத்துது. வைக்கோல் சில்லுக்குள்ள சுத்தச் சுத்த, அவர் இன்னும் காலை அமத்தினார். "டக்" எண்டொரு சத்தம். எஞ்சின் கத்துது, கார் அசையேல்லை.

களத்தில "முறிஞ்சுது", "இல்லை", "முடிஞ்சுது" எண்டு வாய் விடக்கூடாது, எல்லாத்துக்கும் "பொலி" எண்டுதான் சொல்ல வேணும். அதால ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கடைசியில மாமாதான் மெல்ல வாய் திறந்தார்: "கார் பொலிஞ்சு போச்சு." சிரிக்கிறதா அழுறதா எண்டு எனக்குத் தெரியேல்லை.

மிச்சச் சூட்டை இரவல் எருமை பிடிச்சு மிதிச்சம். காரைத் தள்ளிக்கொண்டு வந்து முத்தத்தில விட்டம். மாமா சொன்னார்: "வாற வெள்ளி பழைய இரும்பு வாங்கிற இரும்புக்காரன் வருவான். குடுத்துப்போட்டு ஒரு சோடி எருமை வாங்குவம்." என்ர சீதனம் எருமையாய்ப் போகப்போகுது!

இவர் கழட்டிப் பாத்தார். பின்சில்லைச் சுழட்டிற அக்சில், இடப்பக்கத்தது, ரெண்டாய் முறிஞ்சு கிடக்குது. உள்ள நிண்ட துண்டைத் தள்ளி எடுக்க வலப்பக்கத்து நல்ல அக்சிலையும் உருவினார். பிறகு செய்த வேலையைக் கேளுங்கோ. அந்த நல்லதைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினார்.

"முறிஞ்சதை எல்லோ கொண்டுபோக வேணும்?" எண்டன்.

"உமக்கென்ன தெரியும்? முழுசாய் இருக்கிறதைக் காட்டினால்தானே அளவு தெரியும்? வண்டில் அச்சு ரெண்டு பக்கமும் ஒண்டுதானே!"

வண்டிலோட வளந்த மனுசன். அதே மாதிரி ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து இடப்பக்கத்தில போட்டார். ஒண்டரை அங்குலம் வெளிய நிண்டுது. சாவியைத் தூக்கி எறிஞ்சிட்டு, போய்ப் படுத்திட்டார். அண்டைக்குப் புதன்கிழமை.

நான் பாயை விரிச்சு ரெண்டு துண்டையும் வைச்சன். கிழிஞ்ச துணியைப் பொருத்திற மாதிரி முறிவோட முறிவைப் பொருத்தி, சீலைத்துண்டால இறுக்கிக் கட்டி, தையல் நாடாவால அளந்தன். நுனியில இருக்கிற பல்லில ஒண்டுக்குச் சோக்கால புள்ளி வைச்சு எண்ணினன். பத்து. வலப்பக்கத்ததுக்கும் பத்துத்தான், ஆனால் அது நீளம். சட்டைக்கு இடக்கை வேற, வலக்கை வேற வெட்டிறனான், எனக்கு இது விளங்காதோ? நாளைக்கு நானே வவுனியாவுக்குப் போறன் எண்டன்.

"நானும் வாறன்" எண்டார் இவர்.

"நீங்கள் பேசாமல் சில்லைக் கழுவி வையுங்கோ."

வியாழன் காலமை சாக்கோட பஸ் ஏறினன். "சாக்குக்குள்ள என்ன அக்கா?" எண்டு கேட்டான் கொண்டக்டர். "என்ர சீதனம்" எண்டன். பிறகு ஓமந்தை தாண்டியும் அவன் என்னோட கதைக்கேல்லை.

வவுனியாவில பழைய சாமான் கடை வைச்சிருந்தவர் ஒரு முஸ்லிம் நானா. "தங்கச்சி, இதே மாதிரி ஒண்டு நேத்தும் ஒராள் கொண்டுபோனாரே?" எண்டார்.

"அவர்தான் என்ர வீட்டுக்காரர். அந்தக் கதையை விடுங்கோ நானா."

மூண்டு அக்சிலை எடுத்து முன்னால போட்டார். முதலாவது நீளம் சரி, பல்லுக் கூட. ரெண்டாவது நீளமும் சரி, பல்லும் சரி, எண்ணெய் பூசிப் பளபளவெண்டு இருந்தது. மூண்டாவதும் அளவு சரிதான், ஆனால் முழுக்கத் துரு. நானா பளபளப்பைத்தான் என்ர பக்கம் தள்ளினார்.

நான் நூல்பந்தை எடுத்தன். ஒரு பல்லின்ர தலையில நூலை வைச்சு, நேராய் இழுத்துப் பிடிச்சன். பல்லு நூலை விட்டுச் சரிஞ்சு போகுது.

"நானா, இது முறுகின சாமான். நாளைக்கு முறியும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்தார். நூலைத் தன்ர கையாலயும் பிடிச்சுப் பாத்தார். "அல்லாவே! நான் இதைக் கவனிக்கேல்லை தங்கச்சி" எண்டு, அதை எடுத்து உடைசல் குவியலுக்குள்ள எறிஞ்சார். துருப்பிடிச்சதில நூல் வைச்ச இடத்தில அப்பிடியே படுத்தது. அதைத்தான் வாங்கினன். அண்டைக்கு அந்த பஸ்ஸில என்னை விடப் பெரிய ஆள் ஒருத்தரும் இல்லை எண்டுதான் இருந்தனான்.

வெள்ளி காலமை இவர் அதைத் துடைச்சுத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு உள்ள போய், அளவாய் நிண்டுது. இவர் என்னை நிமிந்து பாத்தார். நான் சில்லை உருட்டிக்கொண்டு வந்து குடுத்தன்.

கார் முத்தத்தை ஒரு சுத்துச் சுத்தி நிக்கேக்க இரும்புக்காரன் வண்டிலோட வந்திட்டான். "ஐயா, இரும்பு எங்க?" எண்டான். மாமா காரைப் பாத்தார், என்னைப் பாத்தார், தலையைச் சொறிஞ்சார்.

குசினிக்குள்ள இருந்து மாமி வெளிய வந்தவா. சுவரோட சாத்தியிருந்த, இவர் வாங்கின நீள அக்சிலைக் கை காட்டினவா.

"அந்தா நிக்குது, என்ர மோன் வாங்கின இரும்பு. அதை ஏத்து. இது மருமோளின்ர கார்."

நான் அதோட விடுவனோ? "மாமி, அது வலப்பக்கத்துக்கு உதவும், நிக்கட்டும்" எண்டன்.

மாமி திரும்பிப் பாக்கேல்லை. பின்கதவைத் தானே திறந்து, சீலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி இருந்தவா.

"வெள்ளிக்கிழமையெல்லோ. கோயிலடியில விடச் சொல்லு பிள்ளை" எண்டவா.