நான் அள்ளி முடிந்த கூந்தல்

ஒன்பது வயதில் நான் பத்து நாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் எங்கள் வீட்டில் இப்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் தம்பி, என் மாமா, எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைப்பார். பின்னலை அவிழ்த்து முடியைத் தோளில் பரத்திவிடுவார். மூக்கு அரித்தால்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொறிய வேண்டும்.

மாமாவுக்குத் தேயிலை பேக்டரியின் சலிப்பறையில் வேலை. சல்லடைகள் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த அறையில் தூசு புகைபோல நிற்கும். தூசை விட்டு வெளியே போகாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. இடுக்கி மலையில் எங்களுக்குத் தெரிந்தது எஸ்டேட் ஒன்றுதான். மாமாவின் இருமல் மட்டும் அடுத்த லயம்வரை போய் வந்தது.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் வழி ஒன்று திறந்தது. கம்பெனியின் கொச்சி ஆபீஸ் தங்கள் தேயிலைக்கு ஒரு போஸ்டர் வேண்டும் என்று எல்லா எஸ்டேட்டுக்கும் எழுதியிருந்தது. யார் வரைந்த படம் அவர்களுக்குப் பிடிக்கிறதோ அவருக்குக் கொச்சியிலேயே படம் வரைகிற வேலை. பெட்டிகளில் எழுத்தும் கோயில் திருவிழாவுக்குத் தட்டியும் எழுதிக்கொண்டிருந்தவர் மாமாதான் என்பதால், ஆபீஸ் கிளார்க் அவரைக் கூப்பிட்டு ஒரு தடித்த தாளைக் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

மாமாவிடம் அட்டை இல்லாத ஒரு புத்தகம் இருந்தது. வெள்ளைக்கார துரை ஊருக்குப் போனபோது பங்களாவில் கழித்துப் போட்டது. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் சைக்கிளுக்கும் அந்தக் காலத்தில் போட்ட போஸ்டர்கள். எல்லாவற்றிலும் ஒரு பெண். அவள் கூந்தல் வளைந்து கொடியாகும், கொடி பூவாகும், பூ அப்படியே ஓரக்கட்டமாகும். நேர்கோடு என்று ஒன்று மருந்துக்கும் கிடையாது. பள்ளிக்கூடத்து மலையாள மாஷ் அதை வாசித்துப் பார்த்து, எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இந்த அலங்காரப் பாணி இருந்தது, எந்திரங்கள் அலுத்துப்போனவர்கள் செடிகொடிகளைப் பார்த்து வரைந்தார்கள் என்று விளக்கினார்.

"எந்திரம் அலுத்துப்போனவன்னா அது நாந்தான் மாஷே" என்றாராம் மாமா.

அவர் அந்தப் பாணியை அப்படியே காப்பியடிக்கவில்லை. புத்தகத்தில் இருந்த அல்லிப் பூவுக்குப் பதில் வெள்ளைத் தேயிலைப் பூ வைத்தார். ஓரத்தில் ஏலச்செடியை நெளியவிட்டார். என்னைப் பார்த்து வரைந்த பெண்ணின் தலையிலிருந்து இறங்கும் கூந்தல் தோளைத் தாண்டியதும் மலைச்சரிவாகி, ஒவ்வொரு இழையும் ஒரு தேயிலை வரிசையாகிவிடும். கறுப்பு எங்கே பச்சையாகிறது என்று விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்களுக்குப் பெண் தலையை விரித்துப் போடுவது ஒரே இடத்தில்தான், இழவு வீட்டில். அம்மாவுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கொச்சி வேலைக்காகப் பொறுத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் முன் எனக்கு இறுக்கிப் பின்னிவிடுவாள். படம் முடிந்து வாசலில் காய்ந்தபோது கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"யாரு செத்தான்னு இவ தலைய விரிச்சுட்டு நிக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

இன்னொருத்தி குரலைத் தாழ்த்தினாள். "வரைஞ்சவனுக்குத்தான் கேடு. இருமலு கேக்கல்லையா உனக்கு?"

அன்று படுக்கும்வரை மாமா இருமும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தேன். அவள் என் முகத்தோடு, மாமாவுக்காகத் தலையை விரித்து நின்றாள்.

மறுநாள் மத்தியானம் மழையில் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அம்மா மலையில், மாமா பேக்டரியில். சாயங்கால லாரியில் படம் கொச்சிக்குப் போக வேண்டும். பெட்டியில் எழுதுகிற கறுப்பு மையை எடுத்து அவளுக்கு நல்ல பெரிய கொண்டை ஒன்று போட்டேன். தொங்கிய இழைகளின் மேலெல்லாம் பச்சைச் சாயத்தைப் பூசி மூடினேன். மலை போய்விட்டது. சட்டி கவிழ்த்ததுபோல ஒரு தலையும் கீழே பாசிபிடித்த குளமும் மிஞ்சின. வேலை திருத்தமாக முடிந்ததில் எனக்கு நிம்மதி.

மாமா லாரிக்கு எடுத்துப்போக வந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் துண்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"என்னட்டி பண்ணிவச்சிருக்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல மாமா."

அவர் என்னை அடித்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, என் விரல்களிலிருந்த மையை மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அம்மாட்ட சொல்லாத, கேட்டியா. மை கொட்டிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன்." கிளார்க்கிடமும் அதையேதான் சொன்னார். ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவன் என்று ஆபீஸில் ஏச்சு வாங்கினார். வேறு ஒரு எஸ்டேட்காரர் கொச்சிக்குப் போனார். திங்கட்கிழமை பேக்டரிச் சங்கு ஊதியதும் மாமா சலிப்பறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் நான்கு வருஷம் இருந்தார். கடைசி வருஷம் லயத்து மேட்டை ஏற அவருக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து அவர் அப்படி நின்று நின்று ஏறி வருவதை நான் வாசலிலிருந்து பார்ப்பேன். உயிரோடுதான் வருகிறார், நான்தான் காப்பாற்றிவைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொள்வேன்.