ஐரிஸ் பார்த்தாச்சு

ஐரிஸ் டிரான்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. கிரேட்லி ஹீத் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டே அவளுக்கு வயது ஏறிவிட்டது. ஆனாலும் பர்மிங்காமுக்கு மேற்கே நகல் கார் வாங்க நினைக்கிற எவனும் ஐரிஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணம் கட்டமாட்டான்.

அந்தப் பக்கத்து ஆண்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு. அறுபதுகளில் வந்த நீள மூக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிரை விடுவார்கள். அசல் வேண்டுமென்றால் குடியிருக்கும் வீட்டை விற்கவேண்டும்; விற்றாலும் ஸ்டியரிங் வரைக்கும்தான் காணும். அதனால் அதே வடிவத்தில் இரும்புச் சட்டமும் ஃபைபர் கூடும் செய்து விற்கிற சின்னப் பட்டறைகளைத் தேடிப் போவார்கள். இஞ்சினையும் மற்றதையும் பழைய காரிலிருந்து பிரித்து எடுத்து, வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து தாங்களே பூட்டிக்கொள்வார்கள். ஒரு கார் உருவாக இரண்டு வருஷமும் ஆகலாம், ஒரு கல்யாணம் முறிகிற வரைக்கும் ஆகலாம்.

பட்டறைக்காரர்களில் தங்கமானவர்களும் உண்டு, வாசலில் பளபளவென்று ஒரு காரை நிறுத்திவைத்துவிட்டு உள்ளே கண்டதையும் ஒட்டித் தள்ளுகிறவர்களும் உண்டு. ஃபைபர் கூடு விரிசல் விட்டால் அழகுதான் போகும். சட்டத்தில் வெல்டிங் விட்டுப்போனால் ஆளே போய்விடுவான். அதனால் எந்தப் பட்டறையை நம்பலாம் என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கேள்வி.

இதற்கு ஐரிஸ் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. அவள் கணவன் வில்ஃபும் மற்ற ஆண்களும் வாசலில் நிற்கிற காரைச் சுற்றிச் சுற்றி வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது, இவள் கைப்பையை இடுக்கிக்கொண்டு, "தம்பி, பாத்ரூம் எங்கப்பா இருக்கு?" என்பாள். எந்தப் பட்டறையிலும் பாத்ரூம் கடைசியில்தான் இருக்கும். வெல்டிங் போடுகிற இடம், கழித்துப் போட்ட சாமான்கள், முறைத்துக்கொண்டு நிற்கிற வேலையாட்கள், எல்லாவற்றையும் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு முதியவளைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. சட்டத்தை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இரும்பு மேடையில் வைத்து ஒட்டுகிறார்களா, கோணலாகப் போனதை உடைக்கிறார்களா அல்லது மறுபடி அலமாரியில் அடுக்குகிறார்களா, இதெல்லாம் அவளுக்கு அடுப்பங்கரை பார்ப்பது போலத்தான். திரும்பி வந்து வேனில் ஏறியதும் சொல்லிவிடுவாள். அவள் வேண்டாம் என்று சொன்ன பட்டறைகள் ஒவ்வொன்றாக நாறிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். வில்ஃபின் நண்பர்கள் கூடுகிற மதுக்கடைப் பின்னறையில் ஒரு பட்டறையின் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "ஐரிஸ் பார்த்தாச்சா?" என்பதுதான்.

பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. ஏன் இருக்கக்கூடாது? பள்ளிக்கூடத்தில் உப்பு போதவில்லை என்று சொல்ல மட்டுமே ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள்.

வூஸ்டர் சாலையில் ராய்ஸ்டன் கீல் என்பவன் புதிதாகப் பட்டறை போட்டான். வில்ஃபும் ஐரிஸும் போனபோது கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"வாங்க, வாங்க, மிஸஸ் டிரான்டர்! உங்களைப் பத்தி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கேன்."

"நல்லதாவா, கெட்டதாவா?"

"பயத்தோட!" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வில்ஃப் வாசலில் நின்ற நீலக் காரிடம் போய்விட்டான். ஐரிஸ் வழக்கம்போலப் பாத்ரூம் கேட்டாள்.

"இதோ, இந்தப் பக்கமே இருக்கு. பின்னாடி எண்ணெயும் தூசியுமா கிடக்கும். பொம்பளைங்க வந்தா சங்கடப்படக் கூடாதுன்னு போன மாசந்தான் முன்னாடியே கட்டினேன்."

கதவைத் திறந்தவள் அசந்துபோனாள். வெள்ளை ஓடு, மடித்துவைத்த துண்டு, லாவெண்டர் சோப்பு, ஜன்னலில் ஒரு தொட்டியில் மஞ்சள் பூ. எத்தனை பட்டறைகளில் கரிபிடித்த கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள்! ஒருத்தனுக்காவது இப்படித் தோன்றியதுண்டா? அவள் மனம் குளிர்ந்துபோனது. கையை இரண்டு தடவை கழுவினாள்.

வேனில் ஏறியதும் வில்ஃப் கேட்டான். "பின்னாடி போய்ப் பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? பாத்ரூமை இப்படி வெச்சிருக்கறவன் பட்டறையை எப்படி வெச்சிருப்பான்னு தெரியாதா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மதுக்கடையில் கேள்வி வந்தது. "பார்த்தாச்சு" என்றாள் ஐரிஸ். வில்ஃப் ஒரு கார் சொல்லிவைத்தான். இன்னும் சிலரும் சொல்லிவைத்தார்கள். வேல்ஸ் எல்லையோரத்துக் கிளன் ஊரில் ரொட்டி வண்டி ஓட்டுகிற அலெட்டும் அவர்களில் ஒருவன். முப்பது தாண்டியும் அம்மாவோடு இருக்கிறவன். வெட்கப்பட்டால் காது சிவந்துவிடும்.

"எனக்கு இஞ்சினைப் பத்தி ஏதோ கொஞ்சம் தெரியும் ஆன்ட்டி. ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன்" என்றான்.

"வாங்குடா. முதல் சவாரி எனக்குத்தான்" என்றாள் ஐரிஸ்.

கார்கள் உருவாகி ரோட்டுக்கு வந்த பிறகு என்னவோ மாறியது. ஐரிஸுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. வில்ஃப் தன் காரை ஈஸ்டருக்குப் பிறகு அதிகம் வெளியே எடுக்கவில்லை. கேட்டால் மழை என்பான். வெயில் அடித்தால் முழங்கால் வலி என்பான். மதுக்கடையில் இரண்டு பேர் தலையைச் சாய்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் வறுவல் தட்டோடு வந்தால் பேச்சு கால்பந்துக்குத் தாவிவிடும். தன் பிறந்தநாளுக்கு ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்து, பாவம், அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பிறந்தநாள் வந்து போனது. யாரும் எதுவும் செய்யவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகல் கார்களின் கண்காட்சி. பட்டறைக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கீலின் கூடாரத்தில்தான் கூட்டம். ஹெட்லி கோப் என்கிற கிழவன் தன் கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தான். வாய் நிறையக் கெட்ட வார்த்தை, ஆனால் சட்டம் செய்வதில் அவனை அடிக்க ஆள் இல்லை.

"என்ன ஹெட்லி, ஈ ஓட்டறியா?" என்றாள் ஐரிஸ்.

"ஓட்டறேன். நான் என்ன கீலா, உனக்குன்னு தனி பாத்ரூம் கட்ட?"

"எனக்குன்னா?"

"பின்னே யாருக்கு, மகாராணிக்கா? ஏம்மா, நீ பாத்ரூம் கேட்டா வேவு பார்க்க வந்திருக்கேன்னு இந்தத் தொழில்ல நாய்க்குக்கூடத் தெரியும். மறைக்க ஒண்ணும் இல்லாததால நான் விட்டேன். அவன் செங்கல் வாங்கினான்." ஹெட்லி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "உனக்குத் தெரியாதா? நெசமாவே தெரியாதா?"

ஐரிஸ் திரும்பி நடந்தாள். நேராகப் போய் வில்ஃபின் சட்டையைப் பிடித்தாள். "வண்டியை எடு. கீல் பட்டறைக்குப் போகணும்."

"அவன் இங்கதானே இருக்கான்?"

"அதனாலதான்."

பட்டறையின் முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கச் சந்துக்கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தான். இரும்பு மேடையே இல்லை. சிமெண்டுத் தரையில் நாலு செங்கலை முட்டுக்கொடுத்து, அதன்மேல் சட்டம் கிடந்தது. கோணிக்கொண்ட மூலையை அவன் சுத்தியலால் தட்டி நேராக்கினான். முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இடத்தில் இணைப்பு சேராமல் விரல் நுழைகிற இடைவெளி. அதில் மக்குப் பசையை வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசினான். சுவரோரம் பூசி முடித்த சட்டங்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

அப்போதுதான் அவன் இவளைக் கவனித்தான்.

"பாத்ரூம் முன்னாடி இருக்கும்மா" என்றான் மரியாதையாக.

வேனில் திரும்பும்போது ஐரிஸ் பார்த்ததையெல்லாம் வில்ஃபிடம் சொன்னாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் வில்ஃப் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம கார்லயும் விரிசல் இருக்கு ஐரிஸ். முன்சக்கரத்துக்கிட்ட. ஈஸ்டர் அப்போவே பார்த்தேன்."

"பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"நான்தான் பூட்டறப்போ ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன். நீ பார்த்த பட்டறையாச்சே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஐரிஸ் உள்ளே ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தாள். கீலிடம் கார் வாங்கிய ஒவ்வொருவனையும் அழைத்தாள். காரைத் தொடாதே, தெருவில் இறக்காதே என்று கத்தினாள். ஒருவன் தானும் விரிசல் பார்த்ததாகவும் கூச்சப்பட்டு அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டதாகவும் சொன்னான். இன்னொருவன் வளைவில் திரும்பும்போது சத்தம் வருவதாகவும், தன் காதுதான் கோளாறு என்று நினைத்ததாகவும் சொன்னான். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கண்ணால் பார்த்ததை நம்பாமல், அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு இத்தனை பேர் மாதக்கணக்கில் அந்தச் சாவுவண்டியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக அலெட்டின் வீடு. அவன் அம்மா நெஸ்டாதான் எடுத்தாள்.

"அட, நீங்களா! உங்க வீட்டுக்குத்தான் கிளம்பி வந்துக்கிட்டிருக்கான். சாப்பிட்டு, கையைக் கழுவினவுடனே கிளம்பிட்டான்."

"எதுல வர்றான் நெஸ்டா?"

"புதுக் கார்லதான். முதல் சவாரி கேட்டீங்களாமே? நேத்து சாயங்காலம் அடியில ஏதோ முனகுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தான். இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துட்டுப் போறேன்னுகூடச் சொன்னான். நான்தான், அட பயந்தாங்கொள்ளி, ஐரிஸே பார்த்துச் சொன்ன பட்டறை, உனக்கென்னடா பயம், கிளம்புன்னு அனுப்பினேன்."

அவனை வழியிலேயே நிறுத்த இருவரும் வேனில் கிளம்பினார்கள். கிளனிலிருந்து வருகிற கிளீ மலைச் சாலையில் செம்மறியாடுகள் நடுரோட்டில் படுத்துக்கிடக்கும். வில்ஃப் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினான். எதிரே வருகிற ஒவ்வொரு காரையும் ஐரிஸ் எட்டிப் பார்த்தாள். மேட்டில் ஏறியபோது சாலையோரத்துப் புல்லில் ஒரு சக்கரம் தனியாகக் கிடந்தது. வில்ஃப் வேகத்தைக் குறைத்தான்.

வளைவைத் தாண்டியதும் கல்சுவர் இடிந்திருந்தது. சிவப்புக் கார் மூக்கைப் பள்ளத்தில் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்துப் பண்ணைக்காரி ஒருத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆளை அசைக்கவேண்டாம் என்றார்கள் என்று சொன்னாள். அலெட் புல்தரையில் மல்லாந்து கிடந்தான். பண்ணைக்காரி அவன் மார்புவரைக்கும் தன் கோட்டைப் போர்த்தியிருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஐரிஸ் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். அவளைக் கண்டதும் அவன் காது சிவந்தது.

"மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி. எங்கயோ சரியா முறுக்காம விட்டுட்டேன் போல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"நீ ஒண்ணும் பண்ணலைடா கண்ணு. நான்தான். அந்தப் பட்டறையில பின்பக்கம் நான் போகவே இல்லை. பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன்." அவன் முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "கேக்குதாடா? நான் பார்க்கவே இல்லை."

"எனக்காகச் சொல்றீங்க" என்று சிரித்தான் அலெட். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆம்புலன்ஸின் ஓசை பள்ளத்தாக்கில் எங்கோ தொலைவில் கேட்டது. அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"ஆன்ட்டி, ஒரு உதவி. கால் ரெண்டும் இருக்கான்னே தெரியலை. யாரையாவது கொஞ்சம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்."

ஐரிஸ் அப்போதும் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.