இஸ்திரி மேசையில் ஓர் எழுத்து

ஓடிப்போகவில்லை. நடந்து போனாள் என் மகள். மாடிவீட்டுக்காரி எத்தனை விதமாக மாற்றிச் சொன்னாலும் நான் இதையேதான் சொல்வேன்.

"நாப்பதைத் தொடப்போற வயசுல அந்தச் சீனாக்காரி என்னத்தையோ எழுதிக் காட்டி மயக்கிக் கூட்டிட்டுப் போயிட்டா. தாய்ப் பாஷையில கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்குச் சீன எழுத்து கேக்குதாக்கும்." குழாயடியில் நின்று அவள் இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதானே அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

நானும் ஜன்னலில் இருந்தபடியே கேட்டேன். "எழுத்தைப் பாத்தா மயக்கம் வருமாடி? உன் புருஷன் தினமும் பேப்பர் படிக்கிறாரே, அவரை யாரு மயக்கினா?"

தண்ணீருக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கில்ல பெரியம்மா..." என்று இழுத்தாள்.

"எதுக்கில்ல? உள்ள வா, உக்காரு, சொல்றேன்" என்றேன். வரவில்லை. வந்து உட்கார்ந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பதைத்தான் இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல நீ அப்படியே எழுதிக்கொள். ஓடிப்போனாள் என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிடு.

போனவள் என் கடைக்குட்டி. பிறக்கும்போதே மூக்கு முகத்தைவிட ஒரு எட்டு முன்னால் வந்திருந்தது. அவள் அண்ணன்தான் மூக்கி என்று கூப்பிட ஆரம்பித்தான், பிறகு தெருவே கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாரமே அம்மை போட்டுப் படுத்தாள். எழுந்து உட்கார்ந்தபோது கூடப் படித்தவர்கள் பாடத்தில் எங்கேயோ போய்விட்டார்கள். அவள் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் கூடிவரவில்லை என்று கேட்டவர்கள் உண்டு, அவர்களில் ஒருவரும் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

அண்ணன் வீட்டில், அதாவது என்னோடு, அவள் இருந்தது காற்று இருப்பது போல. அடுப்பு எரியும், துணி காயும், என் முழங்காலுக்கு ஒத்தடம் கிடைக்கும், எல்லாம் தானாக நடக்கிற மாதிரி இருக்கும். "உனக்குப் பசிக்குதாடி?" என்று கேட்டால் "அண்ணி சாப்பிட்டாச்சா?" என்பாள். எந்தக் கறி பிடிக்கும் என்று கேட்டால் அண்ணன் பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சொல்வாள். அவளுக்கென்று ஒரு பேச்சு அவள் வாயில் வந்ததே இல்லை.

பெரிய லாண்டரி ஒன்றில் அவளுக்கு இஸ்திரி வேலை. ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போனபோது உள்ளே பார்த்தேன். அறை முழுக்க ஆவி. கூரையிலிருந்து வெள்ளை விரிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடையில் ஆட்கள் தெரிவதும் கரைவதுமாக இருந்தார்கள். கூப்பிட்டால் குரல் பஞ்சுக்குள் போய்விட்டது. யாரோ எதிரே வந்து, நான் யார் என்று பார்ப்பதற்குள் மறைந்தார்கள். தூக்கத்தில் நடக்கிற இடம் மாதிரி இருந்தது. அந்த வெண்மையின் நடுவில் என் மகளின் மூக்கு மட்டும் முதலில் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். துணியைத் தேய்த்து மடித்து அடுக்கியதும், யார் தேய்த்தது என்று தெரிய மேலே ஒரு சீட்டு வைக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் பெயர் எழுதுவார்கள். தெரியாதவர்கள் ஒரு கூட்டல் குறி போடுவார்கள். கூட்டல் குறிக்காரிகள் மூன்று பேர். எங்காவது ஒரு துணி தீய்ந்து வந்தால், எந்தக் கூட்டல் குறி என்று யார் கண்டது? எதிர்த்துப் பேசாதவள் தலையில் கட்டிவிடுவது சுலபம். மூக்கியின் தலை தாராளமாகக் கிடைத்தது.

அந்தச் சீனாக்காரி பக்கத்துச் சந்தில் தையல்கடை வைத்திருந்தாள். தைத்த பட்டு உடைகளை லாண்டரிக்குக் கொண்டுவருவாள்; ஆனால் விட்டுவிட்டுப் போக மனம் வராது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூக்கியின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இவள் பேசமாட்டாள், அவளுக்கு நம் பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் வராது. அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒரு மத்தியானம், தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் விரலை நனைத்து, இஸ்திரிப் பெட்டியை இறக்கிவைக்கும் தகரத்தின் மேல் அவள் ஏதோ எழுதினாளாம். எழுதிவிட்டுத் தன் மூக்கின் நுனியைத் தொட்டு, "வோ" என்றாளாம். தகரம் சூடு. முதல் கோடு காய்வதற்குள் கடைசிக் கோட்டை எழுத வேண்டும். கண்ணெதிரே எழுத்து ஆவியாகி மேலே போய்விட்டது.

"அவங்க பாஷையில மூக்குன்னு எழுதிக் காட்டுனாங்கம்மா" என்று மூக்கி வந்து சொன்னாள். "அவங்களுக்கும் என் பேரு தெரிஞ்சு போச்சு." அதில் கோபம் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து அதே பயிற்சி. இவள் தகரத்தில் எழுதுவாள், தையல்காரி திருத்துவாள். விடுமுறை நாள் மத்தியானங்களில் நான் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, என் முதுகில் விரலால் எழுதிப் பார்ப்பாள். மேலே சின்னதாக ஒரு சாய்வுக் கோடு. அதன் கீழே துணிக்கொடி மாதிரி நீளமாக ஒன்று. கொடியிலிருந்து இறங்கி அடியில் கொக்கி போட்டு ஒன்று. அதன் குறுக்கே மேல்நோக்கி ஏறும் ஒரு கீற்று. வலப்பக்கம் வளைந்து இறங்கி நிமிரும் பெரிய கோடு, அதை வெட்டி ஒரு சாய்வு. கடைசியில் வலது ஓரம் மேலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அடிக்கடி மறந்துவிடுவாள். தையல்காரி சட்டையில் பொத்தானைத் தொட்டுக் காட்டி நினைவூட்டுவாளாம். எனக்குக் கண் சொக்கும். முதுகில் ஒரு எறும்பு ஊர்ந்து வீடு கட்டுவது போல இருக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், "புள்ளி வைக்கலடி" என்பேன். "ஆமால்ல" என்று வைப்பாள். ஒரு எழுத்தும் தெரியாத என் முதுகுக்கு அந்த ஒரு எழுத்து தெரிந்துபோயிற்று.

பிறகு சீட்டில் கூட்டல் குறிக்குப் பதிலாக அதையே எழுத ஆரம்பித்தாள். மூக்கிக்கு மூக்கு அடையாளம், சரிதானே. லாண்டரி மேஸ்திரி, "என்னம்மா, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சிரித்தார். ஆனால் அதன்பின் யாருடைய கருகலும் அவள் கணக்கில் வரவில்லை.

ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "அது மூக்கு இல்லம்மா" என்றாள்.

"எது?"

"அந்த எழுத்து. தண்ணி குடிக்கும்போதும் வோங்கிறாங்க, தூக்கம் வந்தாலும் வோங்கிறாங்க. மூக்குக்கு எங்கயாவது தூக்கம் வருமா? நாம நம்மளச் சொல்ல நெஞ்சத் தொடுறோம்ல, அவங்க மூக்கத் தொட்டுக் காட்டுறாங்க. அதுக்கு 'நான்'னு அர்த்தம்மா."

"அப்ப இத்தனை நாளா சீட்டு சீட்டா..."

"நான், நான், நான்னு எழுதி வச்சிருக்கேன்." முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கூச்சமா இருக்கும்மா" என்றாள். மறுநாளே பழையபடி கூட்டல் குறிக்குப் போய்விட்டாள். மூக்கு என்று நினைத்தவரை எழுத முடிந்தது. நான் என்று தெரிந்ததும் விரல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரியின் பட்டுச் சட்டை தீய்ந்தது. சாம்பல் நிறம், தோளில் இலைபோலப் பழுப்பாக ஒரு கறை. தீய்த்தது மூக்கிதான். மேலே கூட்டல் குறிச் சீட்டு. மேஸ்திரி மூன்று பேரையும் நிற்கவைத்து, "யாரு?" என்றார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆவி எல்லாவற்றையும் மூடிவிடும். மூக்கிக்கும் வாய் வரவில்லை. மேஸ்திரியின் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். சீட்டைத் திருப்பினாள். முழு எழுத்தையும் புள்ளியோடு எழுதிச் சட்டையின் மேல் வைத்தாள்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. தையல்காரிக்குப் புரிந்தது. கறையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், சட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள். வேலை போய்விட்டது என்றே என் மகள் நினைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தையல்காரி வந்து, தனக்குத் தெரிந்த நம் பேச்சு முழுவதையும் சேர்த்துச் சொன்னாளாம்: "கடை மூடுறேன். தங்கச்சி ஊரு போறேன். அங்க பெரிய கடை. எல்லாரும் எரிப்பாங்க, எழுத மாட்டாங்க. நீ வா." தங்க இடம், வேலை, எல்லாம் பேசிவிட்டு அவள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். டிக்கெட்டை அனுப்பிவைத்தாள். மாடிவீட்டுக்காரியைக் கேட்டால் கூட்டிக்கொண்டு போனாளாம், கையைப் பிடித்து இழுத்தாளாம். ஆளே இங்கே இல்லை.

வீட்டில் மகன் குதித்தான். "யாரைக் கேட்டு டிக்கெட்ட வாங்குன? அம்மாவ யாரு பாத்துக்கிறது?"

"என்னை இதுல இழுக்காதடா. என் காலு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மருமகள் அடுப்பைப் பார்த்தாள். நாளையிலிருந்து அது யாருடையது என்ற கணக்கு அவள் முகத்தில் ஓடியது. அதைத் தப்பு சொல்ல மாட்டேன். மூக்கி தலையைக் குனிந்துகொண்டாள். டிக்கெட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து படுத்து, "வேணாம்மா, விட்டுடலாம்" என்றாள்.

"உனக்குப் போகணுமா வேண்டாமா?"

"அண்ணன் மூஞ்சி..."

"அவன் மூஞ்சியக் கேக்கல."

"உன் காலு..."

"என் காலையும் கேக்கல."

வெளியே யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. காற்றில் திரைச்சீலை உப்பி, மெல்ல அடங்கியது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்தபடியே, "எனக்குப் போகணும்" என்றாள்.

விடியற்காலையே கிளம்பிப் போய்விடுகிறேன், தெருவில் ஒரு கண்ணும் இருக்காது என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டுல போறவளத்தான் ஓடிப்போனான்னு சொல்லுவாங்க. பத்து மணிக்குப் போ. வாசல் வழியாப் போ."

அப்படியே கிளம்பினாள். தானே தேய்த்த சேலை, ஒரு பை. மருமகள் வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். மகன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவன், கடைசியில் வந்து பையின் அறுந்த காதை முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். மூக்கி செருப்பை மாட்டினாள். எப்போதும் கடைக்குப் போவதென்றாலும் "போகட்டுமாம்மா?" என்றுதான் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"நான் போறேம்மா" என்றாள்.

"வெயில் ஏறுது, நட" என்றேன்.