சட்டைப்பைக்குள் ஒரு பாடம்

செய்தி குரலாக வந்தது. ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் கல்லூரிப் பேருந்து நின்றிருந்தபோது, கலைவாணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அவள் எங்கள் பழைய மாணவி. எழுத்து அவளுக்கு ஒத்துவராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். ஆனால் அவ்வளவு காலையில் அனுப்புகிறவள் இல்லை. அதை அழுத்த எனக்குக் கை வரவில்லை. பேருந்து நகர்ந்த பிறகுதான் காதில் வைத்தேன்.

"மேடம், நம்ம ஜெகநாதன் சார் பூட்டாரு மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." மீதி அழுகை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெகநாதனைப் போல் பயந்த மனிதர் நம் கல்லூரியில் இருந்ததில்லை. அஞ்சலியில் இப்படி எழுதலாமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவரே படித்தால் "சரியாத்தானே எழுதியிருக்கீங்க" என்பார். லாரிகளுக்குப் பயந்து ஸ்கூட்டரை விற்றவர் அவர். தாளாளரின் கார் வளாகத்துக்குள் நுழைந்தால் அவரைத் தூணுக்குப் பின்னால்தான் தேட வேண்டும். கோவில்பட்டிக்காரர், குன்றத்தூரில் வாடகை வீடு. இயந்திரவியல் துறையில் எனக்கு அடுத்த மேசை. "பயமால்லா இருக்கு மேடம்" என்பது அவர் வாயில் வணக்கம் மாதிரி. நானும் பயந்தாங்கொள்ளிதான். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

கலைவாணி பிள்ளைப்பாக்கத்துப் பெண். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தச் சுமைத் தொழிலாளி. எந்தப் பாரத்துக்கு எது வளையும், எங்கே விரிசல் விடும் என்று கணக்கிடும் பாடத்தை ஜெகநாதன் அவள் வகுப்புக்கு எடுத்தார். ஆய்வகத்தில் கேட்டால் கையை மடக்கிக் காட்டியே அத்தனையும் விளக்குவாள். தேர்வுத்தாளில் ஒன்றும் இருக்காது. சோம்பேறி என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவர் மட்டும் ஆசிரியர் ஓய்வறைக்கு அழைத்துக் கேட்டார். அடுத்த மேசையில் நான் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"படிக்க ஒக்காந்தா எழுத்து நிக்க மாட்டேங்குது சார். போர்டுல கீறத ஒரு வரி எழுதறதுக்குள்ள நீங்க அழிச்சுடறீங்க. இந்த வாட்டியும் ஃபெயிலானா எங்கப்பா படிப்ப நிறுத்திட்டு கம்பெனி லைன்ல நிக்க வெச்சுடுவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. முந்தைய ஆண்டுதான் அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறிவில் ஒரு குறையும் இல்லை. எழுத்தை வாசிப்பதில்தான் அத்தனை பாடும். இந்தப் பெண்ணிடம் அவர் பார்த்தது தன் பிள்ளையின் நாளையை.

மறுநாளிலிருந்து அவர் பாடம் எடுக்கும் விதம் மாறியது. போர்டில் எதைப் போட்டாலும் வாயாலும் சொன்னார். "இடது பக்கம் ஒரு சுவர் போடுறேன். சுவத்துலேருந்து வலது பக்கமா ஒரு பீம் நீட்டிட்டு நிக்குது. அதோட நுனியில வெயிட்டு தொங்குது." கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் படம் தெரியும். "என்ன சார், கிரிக்கெட் வர்ணனையா?" என்று ஓய்வறையில் கிண்டலடித்தார்கள். கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட விழித்திருந்ததை யாரும் பேசவில்லை.

ஆனால் ஒரு தடவை கேட்டது அவளுக்குப் போதாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குப் பாடத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாணவர்களிடம் பிடிபட்ட போனை எல்லோர் முன்னிலையிலும் சுத்தியலால் உடைத்த காலம் அது. ஆசிரியர்களும் வகுப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதல்வரிடம் அனுமதி கேட்டுப் பார்த்தார். ஒருத்திக்காக விதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

அதன்பின் போன் அவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று, மேலே ஒரு கைக்குட்டை. மாலையில் மெமரி கார்டைக் கழற்றி என்னிடம் தருவார். நான் அதை ஸ்டிக்கர் பொட்டு அட்டைக்குள் செருகி, பேருந்தில் கலைவாணியிடம் பொட்டு கொடுப்பதுபோல் கொடுப்பேன். தங்கம் கடத்துகிறவர்களுக்குக்கூட அப்படி வியர்த்திருக்காது. "மாட்டினா வேலை போயிடும் சார், இப்ப வேணாமே" என்று ஒருநாள் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "பயம் தெளிஞ்ச பொறவு செய்யலாம்னா, அதுக்குள்ள நாம ரிட்டையர் ஆயிருவோம் மேடம்." சொல்லிவிட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

மாட்டினார். அந்த வாரம் ஒழுங்குக் குழுவில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் முறை என்னுடையது. குழுத் தலைவர் முன்னால் போக, நான் பின்னால் ஜெகநாதனின் வகுப்புக்குள் நுழைந்தேன். அவர் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார். ஆசிரியரின் சட்டைப்பையை யாரும் தடவப்போவதில்லை, தப்பித்துவிடுவார் என்று நான் நினைத்த நேரத்தில் அவருடைய சட்டைப்பை உறுமியது. வீட்டிலிருந்து அழைப்பு. அவராகவே போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அழைப்பு ஓய்ந்ததும் திரையில் பதிவு ஓடுவது தெரிந்தது.

"கிளாஸ ரெக்கார்ட் பண்றீங்களா? யாருக்காக?" என்றார் தலைவர்.

"எனக்குத்தான் சார். நான் எப்படி எடுக்கேன்னு கேட்டுப் பாக்க."

கலைவாணி இருந்த பக்கம் அவர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

மறுநாள் முதல்வர் அறை. வேலையை விடச் சொல்லப்போகிறார்கள் என்று அதற்குள் பேச்சு பரவியிருந்தது. ஜெகநாதன் கையிலிருந்த தேநீர் பாதி தரையில்தான் இருந்தது. "உள்ள கூப்ட்டா கால் நகருமான்னு தெரியல மேடம்" என்றார். நகர்ந்தது, போனார். நான் வெளியே நின்றேன். உள்ளே முதல்வரின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது கலைவாணி வந்தாள். தடுக்கக் கையைப் பிடித்தேன், உதறிக்கொண்டாள். கதவருகே ஒரு கணம் நின்றாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. பிறகு தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சார் பேர்ல தப்பு இல்ல சார். எனக்காவத்தான் பண்ணாரு. எனக்குப் படிக்க வராது சார். காதால கேட்டாத்தான் ஏறும்."

யாருக்கும் தெரியக் கூடாது என்று கெஞ்சியவள், கதவு திறந்திருக்க, தாழ்வாரத்துக்கே கேட்கும்படி அதைச் சொன்னாள்.

அனுமதி எழுத்தில் வரவில்லை. மாலையில் போன் மட்டும் திரும்பி வந்தது. அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வாய்திறந்து சொல்லிவிட்டதால் மருத்துவச் சான்றிதழ் வாங்க முடிந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் தேர்வுக்குக் கிடைத்தார். அதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு அலைந்ததும் ஜெகநாதன்தான், ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே. அவள் தேறினாள். இப்போது இதே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள்.

குன்றத்தூர் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்துக்கு வெளியே, இத்தனை காலம் கேட்காததைக் கலைவாணியிடம் கேட்டேன். "அன்னிக்கு பிரின்சிபல் ரூமுக்குள்ள எப்படிம்மா போன?"

அவள் தன் போனை எடுத்து, இயர்போன் ஒயரின் ஒரு முனையை என் காதில் வைத்தாள். பழைய பாடம். முதலில் செருப்புச் சத்தம். வகுப்புக்குள் நின்று அழுத்த முடியாதென்று வெளியிலேயே பதிவைத் தொடங்கிவிடுவார். பிறகு மூச்சு, ஓடி வந்தவரின் மூச்சு. "முருகா... முருகா... முருகா..." பிறகு கதவு. மாணவர்களின் குட்மார்னிங். அதன்பின் நாம் எல்லோரும் அறிந்த நிதானமான குரல்: "இடது பக்கம் ஒரு சுவர் போடுறேன்."

"எல்லாத்துலயும் இது கீது மேடம். கட் பண்ண அவருக்குத் தெரியல. நான் மட்டும்தான் பயந்துகினு கீறேன்னு நெனச்சுகினு இருந்தேன். தெனம் இவ்ளோ பயந்துகினு எனக்காவ உள்ள போறாரே மேடம். அன்னிக்கு நானும் கதவாண்ட முருகான்னுதான் சொன்னேன்."

என் வகுப்பில் இந்த ஆண்டு ஒரு மாணவன் போர்டைப் பார்த்து விழிக்கிறான். போன் தடை இன்னும் நீங்கவில்லை. நேற்று கதவுக்கு வெளியே நின்று பதிவை அழுத்தினேன். பயத்தில் வாய் தானாக முருகா என்றது. அதை வெட்டாமல்தான் அவனிடம் கொடுத்தேன்.